1960 மார்க் 1 என்று விற்ற அம்பாசிடர் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பழைய வாகன விற்பனைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் உங்களிடம் ஓர் அம்பாசிடர் கார் வாங்கினேன். விலை ரூ.4,60,000. லாரியில் ஏற்றி மன்னார்குடியில் இறக்கிய கூலி ரூ.18,000 தனி. சம்பா அறுவடை நேரம், மிஷின் வயலில் இறங்கிவிட்டதால் என்னால் நேரில் வந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் போனில் மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கேட்டேன். பாடி அந்த வருஷத்துப் பாடிதானா? ஆர்.சி. புக்கில் இருக்கும் இன்ஜின்தான் வண்டியிலும் இருக்கிறதா? ஸ்டீயரிங் கியர், அதாவது ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே இருக்கும் கியர் கம்பி, கம்பெனியில் வந்தபடியே இருக்கிறதா? மூன்றுக்கும் உங்கள் ஊழியர் "ஒரிஜினல் சார்" என்றார். விளம்பரத்திலும் அதுவேதான் இருந்தது.

இத்தனை விவரமாகக் கேட்டது என் அப்பாவுக்காக. நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளிக்குப் பதினேழு வருஷம், அம்பாசிடரின் முதல் மாடலான மார்க் 1 ஓட்டியவர். இப்போது வயது 84. பழைய சைடு வால்வ் இன்ஜினுக்குப் பதிலாக 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின் வந்தது 1959-இல். கட்டம்போட்ட பெரிய கிரில்லோடு மார்க் 2 வரும்வரை, அந்தச் சில வருஷத்து வண்டிகளில்தான் மார்க் 1 முகப்பும் இந்த இன்ஜினும் சேர்ந்திருக்கும். அப்பா ஓட்டியது அதுதான். இரண்டு வருஷம் தேடி, உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன்.

வண்டி இறங்கிய அன்று சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். இடது கையால் ஸ்டீயரிங் கியரைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுப் பார்த்தார். பல மாதங்களாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில். பிறகு கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து ஓரமாக வைத்தவர், "இங்க என்னடா காலுல தட்டுது?" என்று கேட்டார். ரப்பர் விரிப்பை விலக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு, சுற்றிலும் வெல்டிங், மேலே புதுப் பெயிண்ட். "தர கியர் இருந்த ஓட்டைய அடைச்சிருக்கான்டா" என்றார். அதன்பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

கம்பெனியிலிருந்தே தரை கியரோடு அம்பாசிடர் வந்தது 1990-களில், இசுஸு இன்ஜின் பொருத்தத் தொடங்கிய பிறகு. பழைய வண்டியில் யாராவது இடையில் மாற்றியிருக்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறுநாள் பட்டறை மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ஒரு ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். பானெட்டில் ஒட்டியது. கதவின் அடிப்பக்கத்திலும் பின் மட்கார்டிலும் ஒட்டாமல் கீழே விழுந்தது. லேசாகத் தட்டியதற்கே, தகட்டின் மேல் பூசி மறைத்திருந்த பட்டி விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. இன்ஜின் எண் இருக்கும் இடத்தைக் கிரைண்டரால் இழைத்து, கையால் எண் அடித்திருக்கிறார்கள். ஒரு எண் ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கிறது. பிந்தைய காலத்துப் பாடியில் மார்க் 1 கிரில்லையும் பானெட்டையும் மாட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு.

உங்களுக்குப் போன் செய்தபோது, "அறுபது வருஷ வண்டின்னா கை வைக்காம எப்படி சார் இருக்கும்?" என்று பதில் வந்தது. கை வைத்ததில் எனக்குக் குறையே இல்லை. டிங்கரிங் பார்த்த வண்டி, இன்ஜின் மாற்றிய வண்டி என்று சொல்லியிருந்தால் அதற்குரிய விலையைக் கொடுத்து மனமுவந்து வாங்கியிருப்பேன். மறைத்து விற்றதைத்தான் கேட்கிறேன். இழைத்த எண்ணுக்கு உங்கள் ஊழியர் இதுவரை பதிலே சொல்லவில்லை.

"வின்டேஜ் பதிவுக்குத் தகுதியானது" என்றும் விளம்பரம் செய்திருந்தீர்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி வண்டிக்கு 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இந்த வண்டியை எந்த ஆர்.டி.ஓ. முன்னால் நான் நிறுத்துவது? நம்பரை இழைத்தது யார் என்று கேட்டால், இன்றைய உரிமையாளன் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ.4,78,000-ஐ முழுமையாகத் திருப்பித் தந்து, வண்டியை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள். தரைத் தகடு, பட்டி பெயர்ந்த கதவு, இன்ஜின் எண் ஆகியவற்றின் புகைப்படங்களையும் உங்கள் விளம்பரத்தின் நகலையும் இணைத்துள்ளேன். தவறினால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

வண்டி இப்போது களத்து மேட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. எடுக்க வரும்போது, அப்பா தூங்கும் மதிய நேரமாகப் பார்த்து ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.