இறங்கும்போது சுலபம்தான்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குப் பாதிக் காரணம் சோம்பல், மீதிப் பாதி வலது மணிக்கட்டு. பயப்படாதே, முறிவு ஒன்றும் இல்லை, சுளுக்குதான். கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகிறது. எப்படி ஆனது என்று சொல்கிறேன், ஆனால் சிரிக்கக் கூடாது.

"எவரெஸ்ட்டா ஏறப் போறே, குட்டி மலைதானே" என்று எழுதியிருந்தாய் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் மகள் நித்யா அருவிப் பாதை ஒன்றைச் சொல்லி, போக வர எட்டு கிலோமீட்டர், உயர வித்தியாசம் 350 மீட்டர் என்றதும் நான் கணக்குப் போட்டேன். உனக்குத்தான் தெரியுமே, கணக்கு என்றால் எனக்குக் கை அரிக்கும். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு இரண்டேகால் மணிகூட ஆகாது. ஆனது நாலரை மணி. நெய்ஸ்மித் பேரில் தப்பில்லை. நல்ல தரையில் உட்காராமல், நின்று வேடிக்கை பார்க்காமல் நடக்கிறவர்களுக்கான விதி அது. ஐம்பத்தெட்டு வயதில் ஒவ்வொரு காளானுக்கும் குனிகிறவளுக்கு அது பொருந்துமா என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு உறைக்காத விஷயம் வேறு. மலை என்றால் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம் என்றே மனதில் இருக்கிறது. உச்சிக்குப் போகிறவர்களுக்கு அது சரி. அருவிக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் கணக்கு தலைகீழ். சாலை மேலே மலைமுதுகில் போகும், தண்ணீர் கீழே பள்ளத்தில் ஓடும். காலையில் தெம்போடு, பேசிக்கொண்டே, கையை வீசிக்கொண்டு இறங்குகிறோம். உச்சிக்குப் போகிறவன் களைத்துவிட்டால் திரும்பிவிடலாம், திரும்பினால் இறக்கம்தான். நமக்கோ களைப்பு தெரிவதே திரும்பிய பிறகு. இறங்கும்போது ஒருவர்கூட "போதும், இங்கேயே நின்றுவிடலாம்" என்று சொல்வதில்லை, நான் உட்பட.

சரி, காட்டுக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்குள் மரங்களுக்குள் புகுந்துவிட்டோம். ஒற்றையடிப் பாதை. சருகு மெத்தென்று கிடந்தது. அதை நம்பி வேகமாக நடக்கக் கூடாது. அடியில் உருளைக் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தாழ்ந்த மலைக்காட்டில் இன்னொரு தொல்லை, எங்கே இருக்கிறோம் என்றே விளங்காது. உயர்ந்த மலையில் மரங்கள் ஓரிடத்தில் நின்றுவிடும், சுற்றிலும் பார்த்துத் திசை பிடிக்கலாம். இங்கே உச்சிவரை மரம்தான். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நித்யா செல்பேசியை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தாள். இடம் காட்டுவது செயற்கைக்கோள், அதற்கு செல்பேசிக் கோபுரம் தேவையில்லை என்று எனக்கு வகுப்பும் எடுத்தாள். முப்பது வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்தவளுக்கு வகுப்பு!

அருவியின் சத்தம் முக்கால் மணி நேரம் முன்பே கேட்டுவிட்டது. "இதோ வந்தாச்சு" என்று வேகம் கூட்டினேன். அடுத்த வளைவில் சத்தம் அடியோடு போய்விட்டது. நடுவில் ஒரு மலைத்தோள் வந்து மறைத்துவிட்டது, அவ்வளவுதான். மறுபடி கேட்டது, மறுபடி போனது. நாலு முறை ஏமாந்த பிறகு சத்தத்தை நம்புவதை விட்டேன்.

ஐந்தாவது முறை நிஜமாகவே வந்தது. சாரல் முகத்தில் பட்டது. அருவிக்கு முப்பது அடி இருக்கையில் நித்யா, "அத்தை, பாசி படிஞ்ச கல்லைப் பார்த்துக் கால் வையுங்க" என்றாள். நான் ஒழுங்காகக் கல்லை விட்டு, பாதைக்குக் குறுக்கே கிடந்த வேரில் மிதித்தேன். எத்தனையோ பேர் மிதித்துத் தோல் உரிந்து, நனைந்து, சோப்புப் போட்டதுபோல் பளபளத்த வேர். ஈரக் கல்லிலாவது சொரசொரப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். தோல் உரிந்த வேரில் பிடிமானமே இல்லை. விழும்போது கையை ஊன்றினேன், மணிக்கட்டு மடங்கியது. இப்போது நீ சிரிக்கிறாய், தெரியும்.

நித்யா தன் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். பிறகு மடுவின் ஓரத்தில், கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விழாமல் இருந்திருந்தால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

பெரிய அருவி இல்லை, மூன்று மாடி உயரம் இருக்கும். உச்சியில் கெட்டியான பாறை ஒரு பலகைபோல நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கீழே அடுக்கடுக்கான மென்பாறை, விரலால் நிமிண்டினாலே உதிர்ந்தது. நாம் பாடப் புத்தகத்தில் படம் போட்டு அம்புக்குறி இட்டுச் சொல்லிக்கொடுத்தோமே, அதேதான்: விழும் தண்ணீர் கீழேயுள்ள மென்பாறையைக் குடைகிறது, மேல்பலகை தாங்கல் இல்லாமல் ஒருநாள் உடைந்து விழுகிறது, அருவி ஒரு படி பின்னால் போகிறது. நயாகரா இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. மடுவுக்குள் வண்டி அளவுக்குக் கிடந்த பாறைகள் எல்லாம் ஒருகாலத்தில் மேலே பலகையாக இருந்தவை. அதற்கு நேர் கீழே போய் நின்று தலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள் சிலர் நின்றார்கள். அவர்களில் ஒருவன் படம் எடுக்க அருவியின் தலைமாட்டுக்கே ஏறினான். கத்தலாம் என்றால் அந்த இரைச்சலில் எங்கே கேட்கும்?

ஒரு வேடிக்கை சொல்கிறேன், நீ எங்காவது அருவிக்குப் போனால் செய்து பார். விழும் தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் போல உற்றுப் பார்த்துவிட்டு, சட்டென்று பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பு. பாறை மெல்ல மேலே ஏறும்! நகர்கிறது, ஆனால் இடம் மாறவில்லை. வயிற்றைப் பிசையும். கீழ்நோக்கிய அசைவைக் கண்டு கண்டு நம் பார்வை நரம்புகள் சலித்துப்போவதால், மேல்நோக்கியதை உணர்பவற்றின் கை ஓங்கிவிடுகிறது. 1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபோயர்ஸ் அருவியில் இதைக் கவனித்து எழுதி வைத்தார். நித்யாவுக்குச் செய்து காட்டினேன். செல்பேசி வகுப்புக்கு அதோடு சரியாகப் போயிற்று.

அப்புறம் அந்தப் பெரணி. சாரல் ஓயாமல் படும் பாறை இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு இலை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் நகம் அதற்குப் பின்னால் தெரிந்தது. இந்த வகைப் பெரணியின் இலை நரம்பை விட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். சாரல் நின்றால் சுருண்டுவிடும். மூன்று மாடி இரைச்சலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மெல்லிசு. பறிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

கிளம்ப வைத்தது நித்யாதான். தலைக்கு மேல் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது, ஆனால் மேல்மலைப் பக்கம் கறுத்திருந்தது. மழை நாம் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை, மேலே பெய்தால் போதும், ஓடை இங்கே ஏறிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்றாள். நல்லவேளை, எங்களுக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை.

ஏற்றத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. இருபது அடி நடப்பது, நிற்பது, மூச்சு வாங்குவது. மற்றவர்களுக்கு வழிவிட ஒதுங்குவதுபோல் நின்று நின்று பார்த்தேன், ஆனால் பின்னால் ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள்தான் தொடை கட்டிக்கொண்டது, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். அது ஏற்றம் கொடுத்த வலி இல்லை, நான் சுலபம் என்று நினைத்த இறக்கம் கொடுத்த வலி. இறங்கும்போது தொடைத் தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது, அதில்தான் நுண்ணிய காயங்கள் அதிகம். கைவீசி நடந்த அந்தக் காலை நேரத்துக்கான வட்டி இரண்டு நாள் கழித்து வந்தது.

உன் முழங்கால் இப்போது எப்படி? மருத்துவர் நடக்கச் சொன்னதாக எழுதியிருந்தாய், ஆனால் நடக்கிறாயா இல்லையா என்று எழுதவில்லை. பெரியவள் வேலை மாறிவிட்டாளா? அதையும் சொல்லாமல் விட்டிருக்கிறாய்.

முழு அருவிக்கு உன்னைக் கூப்பிடவில்லை. பாதையில் ஒன்றரை கிலோமீட்டரில் ஓடை குறுக்கிடுகிறது. அதுவரை இறக்கம் மிதம்தான், அருகே படுத்த பாறை ஒன்றும் இருக்கிறது. அங்கிருந்தே அருவிச் சத்தம் முதல்முறையாகக் கேட்கும். அவ்வளவு போதும் நமக்கு. பேசிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். மரத்தடியில் சூரியன் மறைவதற்கு முன்பே இருட்டிவிடுகிறது.

கைத்தடி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். உயரமானது உனக்கு. எப்போது வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
சாரதா