கச்சேரியில் வாய்மூடி உட்கார வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் கர்நாடக சங்கீத சபா ரசிகர்களைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். தொடையில் தட்டித் தாளம் போடுகிறவர்கள், பாட்டின் நடுவே ‘பேஷ்’, ‘ஆஹா’ என்கிறவர்கள், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை முடிந்ததும் கைதட்டுகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் என்று வருத்தப்பட்டிருந்தார். மேலைநாட்டு இசை அரங்குகள்போல இங்கும் கடைசிவரை நிசப்தமாக இருக்க வேண்டும், சபாக்கள் இதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

நான் தம்புரா போடுகிறவள், பாடுகிறவருக்குச் சுருதி கொடுக்கும் வாத்தியம் அது. இருபத்தாறு வருடமாகிறது. பாடுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து, நடுவிரலால் பஞ்சம ஸ்வரத் தந்தியையும் ஆள்காட்டி விரலால் மற்ற மூன்று தந்திகளையும் மீட்டிக்கொண்டே இருப்பது என் வேலை. பாட்டு எந்தத் தாளத்தில் போனாலும் என் விரல் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது. காது சுருதியில் இருக்கும், கண்ணுக்கு வேலை கிடையாது. பாடுகிறவரின் முதுகும், அதைத் தாண்டி ரசிகர்களின் முகங்களும்தான் இரண்டரை மணி நேரமும் எனக்குத் தெரிபவை.

போன மார்கழியில் ஒரு மத்தியானக் கச்சேரி. டிக்கெட் கிடையாது, முப்பது பேர் இருந்தால் அதிகம். பாடிய பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். பயத்தில் தோள்பட்டை இறுகிக் கிடந்தது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. ஆரம்பப் பாட்டான வர்ணத்தை வேகமாக ஓட்டிவிட்டாள். அப்புறம் சஹானா ராகம் எடுத்தாள். ‘கமரி கரிஸ’ என்று இறங்கும் வழியில் ‘ரி’யில், அதாவது ரிஷபத்தில், வந்து ஒரு கணம் நின்றாள், அவளே எதிர்பார்க்காதது மாதிரி. நாலாவது வரிசையில் கம்பளி மஃப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர் ரசித்து நாக்கைத் தட்டி ‘ப்ச்’ என்றார். அவ்வளவுதான் சத்தம். அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது. அதே ரிஷபத்துக்கு வேறு வழியாக இன்னொரு முறை வந்தாள், இந்த முறை தெரிந்தே நின்றாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வயலின் வாசித்த பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதன்பிறகு அன்று நடந்தது வேறு கச்சேரி.

அந்த ‘ப்ச்’ வந்திருக்காவிட்டால் அவள் அந்த இடத்துக்குத் திரும்பி வந்திருப்பாளா? மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நம் சங்கீதத்தில் முக்கால்வாசி அந்த நிமிடத்தில் பிறப்பது. எந்தப் பிடியை விரிப்பது, எதை விட்டுவிடுவது என்று பாடுகிறவர் மேடையில் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார். அந்த முடிவில் எதிரே இருப்பவருக்கும் பங்கு உண்டு. இந்துஸ்தானிக் கச்சேரிகளில் ‘வாஹ்’, ‘க்யா பாத் ஹை’ என்று வாய்விட்டே சொல்கிறார்கள். நம் ஊரில் ஒரு தலையாட்டல், ஒரு ‘ப்ச்’. அதையும் பலகை எழுதித் தடுக்க வேண்டுமா?

தாளம் போடுவது பற்றி ஒரு விஷயம். பளார் பளார் என்று தொடையில் அறைகிறவரும், அரை எண்ணிக்கை தள்ளிப் போட்டு முன்வரிசையிலிருந்து வித்வானையே குழப்புகிறவரும் இருக்கிறார்கள். அந்த வாசகர் சொல்வது அவர்களைப் பொறுத்தவரை நியாயம்தான். ஆனால் ஒரு வீணைக் கச்சேரி எனக்கு மறக்காது. வைணிகருக்கு இரண்டு கையும் வாத்தியத்தில். பல்லவி ஆதி தாளம், ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பாகும் இரண்டு களை, பல்லவி தொடங்கும் எடுப்பு அரை இடம் தள்ளி. தாளம் போட மேடையில் சிஷ்யர் யாரும் இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் மடியில் கையை வைத்து, சத்தமே வராமல், தட்டும் விரலும் வீச்சுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் அவர் கையிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. முடிப்புக் கணக்கான தீர்மானம் வந்து விழுந்ததும் மிருதங்கக்காரர் முதலில் கும்பிட்டது அந்த அம்மாளைத்தான்.

சின்ன வயதில் மன்னார்குடியில் பங்குனித் திருவிழாவின்போது அப்பா என்னை நாயனம் கேட்கக் கூட்டிப்போவார். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி ஆரம்பித்துவிட்டால் நடக்கிற கூட்டம் மொத்தமும் தவிலைச் சுற்றி நெருங்கிவிடும். யாரும் கைதட்ட மாட்டார்கள். தவில்காரர் கணக்கைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து தாளத்தின் முதல் அடியான சமத்தில் போடும்போது தெரு முழுக்க ஒரே சமயத்தில் ‘ஹா’ என்று ஒரு மூச்சு வரும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மூச்சு அவர் உடம்பு வழியாகத் தெரியும். சங்கீதம் கேட்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

மேலைநாட்டு உதாரணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கேயும் அந்த நிசப்தம் பிற்காலத்தில் வந்த பழக்கம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி நடுவிலேயே ஜனங்கள் கைதட்டிவிட்டார்கள் என்று மோட்சார்ட் தன் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த இடம் பிடிக்கும் என்று அவருக்கு முன்பே தெரியுமாம், அதனால் கடைசியில் அதையே திரும்பக் கொண்டுவந்தாராம். கச்சேரி முடிந்து நேராக ஐஸ்கிரீம் சாப்பிடப் போனாராம். சஹானா பாடிய பெண்ணும் அதே ரிஷபத்துக்குத்தான் திரும்ப வந்தாள்.

கைதட்டலில் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆலாபனையின் கடைசி ‘ஸ’வான ஸட்ஜம் தம்புராவோடு கலந்து கரைய ஒரு மூச்சு நேரம் வேண்டும். இப்போது அந்த ஸட்ஜத்தைப் பாடுகிறவர் தொடும்போதே கைதட்டல் விழுந்துவிடுகிறது. ஒரு மூச்சு பொறுத்துத் தட்டுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டுங்கள்.

சுருதி சேர்க்கும் நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவதும் எனக்கு வருத்தம்தான். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில் சிதார் ரவிசங்கரும் சரோத் அலி அக்பர் கானும் தபலா அல்லா ரக்காவும் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். அதையே வாசிப்பு என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். பலரும் சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் மரியாதைதான் வருகிறது. அன்று தம்புரா போட்ட கமலா சக்ரவர்த்திக்கும் அந்தக் கைதட்டலில் பங்கு உண்டல்லவா? தெரியாத சங்கீதமாக இருந்தும் முதல் தந்தியிலிருந்தே அவர்கள் காது கொடுத்திருக்கிறார்கள்.

இனி, நான் உண்மையில் எழுத நினைத்தது. ரசிகர்கள் எழுப்புகிற சத்தங்களில் மேடையில் இருப்பவரைக் காயப்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் மடக்கு நாற்காலிகள் ‘டக், டக்’ என்று நிமிர்கிற சத்தம்.

சென்ற சீசனில் ஒரு மாலைக் கச்சேரி, நல்ல கூட்டம். பாட்டை விரித்துப் பாடும் நிரவல், ஸ்வரம் முடிந்து பாடகர் மிருதங்கத்தின் பக்கம் திரும்பினார். முதல் சுற்று முடிவதற்குள் வலது பக்கத்தில் மட்டும் நாற்பத்திரண்டு பேர் எழுந்து போனதை எண்ணினேன். புடவை சரசரப்பு, ‘காபி மட்டும் போதும்’ என்ற பேச்சு. கதவு திறக்கும்போதெல்லாம் கேன்டீன் வாசனை உள்ளே வந்தது. பாடகர் லேசாகச் சாய்ந்து, ‘அண்ணா, சுருக்கமா’ என்றார். மிருதங்கக்காரர் என்ன செய்வார்? ஒரே சுற்று கடத்துக்கு விட்டுவிட்டு, முடிக்கும் கட்டமான மோராவுக்குப் போய், கடைசிக் கணக்கான கோர்வை வைத்து முடித்துவிட்டார்.

கடம் வாசித்த பையனுக்கு இருபத்திரண்டு வயது. கச்சேரி முழுக்க அவன் மிருதங்கத்துக்கு அடங்கித்தான் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. அவனுக்கென்று இருப்பது தனியில் வரும் அந்தச் சில நிமிடங்கள்தான். எல்லாம் முடிந்து மானாமதுரைக் கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான்: “கண்ட நடையில ஒண்ணு தயார் பண்ணி வச்சிருந்தேன் மாமி. மூணு மாசமா.” கண்ட நடை என்றால் ஐந்தைந்தாகப் போகும் கணக்கு. கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னான். துணியை இரண்டு முடிச்சுப் போட்டு, தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எழுந்து போகிறவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்கள் உண்டு, முட்டிவலிக்காரர்கள் உண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் உண்டு. எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு முந்தைய பாட்டு முடியும் இடைவெளியில் போகலாமே. தனி நடுவில்தான் போக வேண்டும் என்றால், ஒரு சுற்று முடியும்வரை கதவருகே நிற்கலாம்.

சபா நிர்வாகிகள் பலகை வைப்பதாக இருந்தால் இதை எழுதி வைக்கட்டும்: ‘தனி ஆவர்த்தனத்தின்போது தயவுசெய்து அமர்ந்திருங்கள்.’ கேன்டீன்காரரிடமும் தனி முடியும்வரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம். மங்களம் பாடும்போது பையைத் தேடுவது, கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுப்பது பற்றியெல்லாம் மற்ற வாசகர்கள் எழுதுவார்கள்.

அடுத்த வாரம் அதே பையன் வேறொரு சபாவில் வாசிக்கிறான். அன்று நான்தான் தம்புரா. அந்தக் கண்ட நடையை அவன் இன்னும் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தம்புரா கலைஞர்,
மயிலாப்பூர், சென்னை