அந்த அன்பு வசனமே லேவியராகமத்தில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்களும் மாறிவரும் காலமும் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பழைய ஏற்பாடு அந்தக் காலத்து யூதர்களுக்கு, பவுலின் நிருபங்கள் அந்தக் காலத்து ரோம ராஜ்யத்துக்கு, நமக்கு இயேசு சொன்ன அன்பு ஒன்றே போதும் என்று எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் களியக்காவிளையில் இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளி, அதாவது சண்டே ஸ்கூல், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து வருகிறவள் நான், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று கட்டுரையாளர் மேற்கோள் காட்டிய வசனம், இயேசு எடுத்துச் சொன்ன வசனம், இருப்பது பழைய ஏற்பாட்டில், லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில். எந்தப் புத்தகம் காலாவதியாகிவிட்டது என்று அவர் முதலில் ஒதுக்குகிறாரோ அதே புத்தகம்! அந்த அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் வாசித்தால், கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை உன்னிடத்தில் வைத்திருக்காதே என்று வரும், உங்களிடத்தில் தங்குகிற அந்நியனை உன்னைப்போல நேசி என்றும் வரும். மார்த்தாண்டம் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்களுக்கு வாரக்கூலியை இழுத்தடித்துக் கொடுக்கிற நம் ஆட்களுக்கு இதைவிட நேரடியான வசனம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் குளச்சல் இறாலை இனி சாப்பிடக்கூடாதா என்று கேட்பார்கள், செதிள் இல்லாததைத் தின்னாதே என்று அதே லேவியராகமம் சொல்கிறதே என்று. நியாயமான கேள்வி, என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அதற்கான பதிலும் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. மாற்கு 7-ஐயும், பேதுரு பார்த்த தரிசனத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் 10-ஐயும், எருசலேமில் கூடிப் பேசின 15-ஆம் அதிகாரத்தையும், பலிகளைப் பற்றி எபிரெயர் நிருபம் சொல்வதையும் சேர்த்து வாசித்தால் உணவுச் சட்டம், பலிகள் என்று எது நிறைவேறி முடிந்தது, எது நிற்கிறது என்று வேதமே காட்டித் தருகிறது. கஷ்டம்தான், உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியை விடுவது சுலபம்.

வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டது என்று 2 தீமோத்தேயு 3:16-இல் நமக்கு இருக்கிறது. பாறசாலையில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் மலையாள வேதத்தில் அது 'தைவஸ்வாசீயம்', அதாவது தேவனுடைய மூச்சு. பவுல் அதை எழுதும்போது தீமோத்தேயு சிறுவயதிலிருந்தே அறிந்திருந்த வேதம் எது? பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் விசுவாசத்தில் வளர்த்த அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்த வேதம், நாம் இப்போது ஓரமாகத் தள்ளிவைக்கிற பழைய ஏற்பாடுதான்.

வேதத்தைக் குறைத்தால் யாருக்கு லாபம் என்று சரித்திரத்திலேயே பார்க்கலாம். 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள், மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த கறுப்பின அடிமைகளுக்கென்று. பழைய ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பங்கு அதில் கிடையாது, புதிய ஏற்பாட்டிலும் ஏறக்குறைய பாதி கிடையாது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதையை எடுத்துவிட்டார்கள், அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் வசனத்தையும் எடுத்துவிட்டார்கள். எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பதை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1806-இல், மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழி வழியாக நம் மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போதே தமிழில் முழு வேதமும் இருந்தது, தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடும் 1728-க்குள் பழைய ஏற்பாடும் அச்சாகிவிட்டன. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட அந்தக் கதையைச் சொல்லும் யாத்திராகமத்தோடுதான் நமக்கு வேதம் கிடைத்தது. அப்புறம் நடந்தது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் தோள்சீலை, அதாவது மேலாடை, போடக்கூடாது என்பதுதான் அன்றைய ஊர்வழக்கம், அன்றைய கலாச்சாரம். 1829-இல் ராஜாங்க உத்தரவும் அந்த வழக்கத்தின் பக்கம்தான் நின்றது. தேவசாயலில் படைக்கப்பட்டவள் நான் என்று ஆதியாகமத்தை நம்பின நம் பாட்டிமார் சந்தையிலும் பாதையிலும் துணி கிழிபட்டும் பின்வாங்காமல் நின்ற பிறகுதான் மேலாடை போட அனுமதித்த 1859 பிரகடனம் வந்தது. காலத்துக்கு ஏற்றபடி வேதத்தை வளைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதை இவ்வளவு தைரியமாக எழுதுகிற எனக்கு என் வீட்டிலேயே ஒரு அடி விழுந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் மகள் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள், விசுவாசமுள்ள குடும்பம். சங்கீதம் 128 வாசித்து, நன்றாக ஜெபித்து, ஆமென் சொல்லி, வேதத்தின் ஜிப்பை இழுத்து மூடி மேசையில் வைத்தார் பையனின் பெரியப்பா. முந்திரிக்கொத்துத் தட்டு இன்னும் கைமாறி முடியவில்லை, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அந்த வேதத்தின் மேலேயே வைத்தார். அதில் 101 பவன், அதற்குக் கீழே காரின் பெயர். நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றும் பேசவில்லை, குறைத்துக்கொள்வார்களா என்றுதான் மனசுக்குள் கணக்குப் போட்டோம். அன்று ராத்திரி மகள் கேட்டாள்: "கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழுகத மட்டும் வேதத்த காட்டித் தப்புன்னு சொல்லுதீங்க, பவன் கேக்கம்போ வேதத்த மூடி வச்சிருதீங்க, ரெண்டுக்கும் ஒரே வேதம்தானம்மா?"

என்னிடம் பதில் இல்லை. என் அம்மாவின் பழைய வேதத்தை எடுத்துப் பார்த்தேன். சங்கீதமும் சுவிசேஷமும் இருக்கிற பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப்பட்டுக் கறுத்துப்போயிருக்கிறது. எண்ணாகமப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன, நகத்தால் பிரித்துத்தான் 27-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். ஆண்பிள்ளை இல்லாத செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால் நின்று தகப்பன் நிலத்தில் பங்கு கேட்கிறார்கள், அவர்கள் பேசுவது சரி என்று கர்த்தரே சொல்கிறார். யோபு 42-இல் இன்னும் ஒரு படி மேலே, யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவிலேயே சுதந்தரம், அதாவது சொத்தில் பங்கு, கொடுத்தான் என்று இருக்கிறது. ஆனால் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், 1916-இல் வந்தது, மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. மேரி ராய் என்கிற கேரளப் பெண்மணி அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடி 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தபோது கேரளத்தில் சபைகளுக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. யோபு புத்தகம் அவர்கள் கையிலும் இருந்ததுதானே?

ஆகவே கட்டுரையாளரோடு எனக்கு இருக்கிற வருத்தம் எங்கள் சபை மூப்பர்களோடும் இருக்கிறது, என்னோடும் இருக்கிறது. சேர்ந்து வாழ்வதையும், விவாகரத்தையும், ஒரே பாலினத் திருமணத்தையும் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது நான் மழுப்புவதில்லை. விவாகரத்து பற்றி இயேசுவிடம் கேட்டபோது அவரே ஆதியாகமத்தைத்தான் எடுத்துக் காட்டினார், ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார் என்று மத்தேயு 19-இல் இருக்கிறது, ஆகவே திருமணம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உடன்படிக்கையாகச் சேருவது என்றே நான் போதிக்கிறேன். பலருக்கு இது பிடிக்காது, தெரியும். ஆனால் அழுதுகொண்டு என் வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைத் துரத்த எந்த வசனமும் எனக்கு அனுமதி தரவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நாங்களே சொல்லி அனுப்பிவிட்டோம். மகளுக்கும் மகனுக்கும் நிலத்தில் சரிபாதி என்று வீட்டுக்காரர் பத்திரம் எழுதியிருக்கிறார், உறவுக்காரர்களுக்குக் கோபம்தான். எங்கள் வகுப்பில் இப்போது எண்ணாகமம் நடக்கிறது, அந்த ஐந்து பெண்களின் பெயரையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை,
களியக்காவிளை.