குடை பிடிப்பவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தலையங்கத்தில், "மனித உரிமை என்று சொல்லிக்கொண்டு குற்றவாளிகளுக்குக் குடை பிடிக்கும் சங்கங்கள் அரசியல் சாசனத்தையே அரித்துக்கொண்டிருக்கின்றன" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வாக்கியம்தான், ஒரு பிழை இல்லை. 31 வருடமாக நீதிமன்றத்துக்கு எதிரே உட்கார்ந்து ஊரார் மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் நான். பிழை இருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

தாங்கள் அறியாததல்ல. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது, பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், ஒருவரை ஏன் பிடித்து அடைத்தீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது என்று தீர்ப்பெழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாட்டேன் என்றார். அதே 1976-ல்தான் ஜெயப்பிரகாஷ் நாராயண், இன்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்று நாம் சொல்லும் அமைப்பைத் தொடங்கினார். அப்போது சாசனத்தை அரித்தது யார், முட்டுக்கொடுத்தது யார் என்று உங்கள் அலுவலகத்துப் பழைய தொகுப்புகளைப் புரட்டினாலே தெரியும், தணிக்கைக்காரர் ஏதாவது மிச்சம் வைத்திருந்தால்.

தேர்தல்தோறும் வேட்பாளர்களின் சொத்துக் கணக்கையும் வழக்கு விவரத்தையும் கட்டம் கட்டிப் போடுகிறீர்களே, அந்தத் தாள்கள் எப்படிக் கைக்கு வந்தன? இந்த மாதிரிச் சங்கங்கள் வழக்குப் போட்டுத்தான். 2002-ல் தீர்ப்பு வந்ததும் அதைச் செல்லாக்காசாக்க அரசு சட்டத்தையே திருத்தியது. மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மற்றவர்களும் திரும்பப் போய், 2003-ல் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்ய வைத்தார்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தில் 'மேற்கண்ட யாருக்கும் இல்லை' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுவும் 2013-ல் அவர்கள் வாங்கியதுதான். வாசகர்களுக்கு நினைவிருக்காது, பரவாயில்லை. உங்களுக்குமா?

கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். மேற்கு வங்கத்தில் ஒரு சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் சாவுகள் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளைக் குறிப்பிட்டு 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பத்து வருடம் கழித்து, கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பதினொரு கட்டளைகள் வந்தன. பத்திரிகைச் செய்திதான் அதற்கு விதை. நீங்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் ஐயா அது. உங்களுக்கோ கரையான் நினைவுதான் வருகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2011-ல் என் அக்கா மகனை ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவனுடைய செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து அழைத்துப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. அக்காவும் நானும் மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கினோம், "இங்கே அப்படி யாரும் இல்லையே" என்றார்கள். கட்சிக்காரர் ஒருவர் போனை எடுக்கவில்லை. நான் அடிக்கடி மனு அடித்துக் கொடுக்கும் வக்கீல் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். கடைசியில், சிவில் உரிமை அமைப்பு ஒன்றில் இருந்த ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் சனிக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து இறங்கினார். அழாதே என்றுகூட அக்காவிடம் சொல்லவில்லை. "முதலில் தந்தி கொடுங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்" என்றார்.

முதலமைச்சர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, எஸ்.பி. என்று மூன்று தந்தி. ரசீதில் சனிக்கிழமை காலை 10.40 என்று முத்திரை விழுந்தது. பிறகு வந்த முதல் தகவல் அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? திங்கட்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு, பேருந்து நிலையம் அருகே, "சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றுகொண்டிருந்தவனை" பிடித்தார்களாம். திங்கட்கிழமை பிடிக்கப்போகிறவனுக்காக நாங்கள் சனிக்கிழமையே தந்தி அடித்திருக்கிறோம்! 2014-ல் விடுதலை ஆனான். தீர்ப்பில் அந்த ரசீதுக்கு ஒரு முழுப் பத்தி. (அதற்கு முந்தின வருடமே தந்திச் சேவையை நிறுத்திவிட்டார்கள். இப்போது எங்களைப் போன்றவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டி நேரத்தை நிரூபிக்கிறார்களோ.)

அந்த வாத்தியார் பிடித்த குடையின் கீழ் நின்றவர்கள் நாங்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சங்கக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஐந்து பக்க அறிக்கை ஒன்றை அடித்துக் கொடுத்தேன், "வன்மையாகக் கண்டிக்கிறோம்" மட்டும் பதினொரு இடம். அடித்த கூலி இன்னும் பாக்கி. பணியில் கொல்லப்பட்ட காவலர் ஒருவரின் மனைவிக்கு வாரிசு வேலை மனுவும் நான்தான் அடித்தேன், ஒரு சங்கமும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், அரசு மீறும் உரிமைக்குத்தான் நாங்கள், கொலைகாரனைப் பிடிக்க அரசே இருக்கிறது என்கிறார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆந்திராவில் மனித உரிமைப் போராளி பாலகோபால் இதே போன்ற கேள்வியைச் சங்கத்துக்கு உள்ளே இருந்துகொண்டே கேட்டார். நக்சலைட்டுகள் செய்யும் கொலைகளையும் கண்டிக்கத்தான் வேண்டும் என்று சொல்லி, வருடக்கணக்கில் உழைத்த சங்கத்திலிருந்து பிரிந்து 1998-ல் வேறு அமைப்பு கண்டார். உங்கள் தலையங்கத்தில் அவர் பெயரைத் தேடினேன்.

அதே 1998-ல் ராஜீவ் கொலை வழக்கில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து வெளியே அனுப்பியது. மேல்முறையீட்டுக்கு ஊர் ஊராகக் காசு திரட்டியவர்களை அப்போது என்னவெல்லாம் சொன்னார்கள்! திரட்டாமல் இருந்திருந்தால்? அந்த 19 பேரையும் உங்கள் அகராதியில் என்ன சொல்லி அழைப்பது, குற்றவாளிகள் என்றா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2011-ல் உங்கள் நாளிதழ்தான் ஐந்தாம் பக்கத்தில் "பலே திருடன் சிக்கினான்" என்று அக்கா மகனின் படத்தைப் போட்டது. வழக்கு நம்பர் விழுந்த மறுநாளே! கடையை மூடினோம். பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. 2014-ல் தீர்ப்பு நகலோடு உங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "இதில் செய்தி ஒன்றும் இல்லையேம்மா" என்றார்கள். பிடித்தது செய்தி, விட்டது செய்தி இல்லை.

தலையங்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். தீர்ப்பு வரும்வரை 'குற்றவாளி' என்பதற்குப் பதிலாக 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று அச்சிடுங்கள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், தெரியும். அப்புறம், அதே ஐந்தாம் பக்கத்தில், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி: இன்ன வருடம் இன்ன வழக்கில் கைதானவர் விடுதலை ஆனார் என்று.

தீர்ப்பின் சான்றிட்ட நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்புவது இது மூன்றாவது நகல்.

இப்படிக்கு,
22 வருட வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம். அவனுக்கு இப்போது பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.)