ஜெனரேட்டர் கூண்டு: விலை சொல்லும் முன் இடத்தைப் பார்க்கக் கேட்பது ஏன்?

அன்புடையீர்,

வணக்கம். "பழைய ஜெனரேட்டர், சத்தம் தாங்க முடியவில்லை, சுற்றிலும் கூண்டு போட்டு அடைத்துக் கொடுக்க எவ்வளவு ஆகும்?" என்று தொலைபேசியில் கேட்கும் வாடிக்கையாளர்களிடம், இடத்தை வந்து பார்த்த பிறகே விலை சொல்வோம் என்று நாங்கள் பதில் சொல்வது சிலருக்கு மனக்குறையாக இருப்பதை அறிவோம். அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

காற்று புகும் இடமெல்லாம் சத்தம் வெளியேறும். ஆனால் காற்று இல்லாமல் எஞ்சின் ஓடாது. டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தண்டைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி முழுவதும் புகைக்குழாய், ரேடியேட்டர், எஞ்சினின் உடல் ஆகியவற்றின் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு நாங்கள் செய்த கூண்டில், ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்றை வெளியே கொண்டுபோகும் தகட்டுக் குழாயை அமைக்காமல் விட்டுவிட்டோம். வெளியேறிய சூடு அப்படியே திரும்பிக் காற்று புகும் வழிக்கு வந்து, முகூர்த்த நேரத்தில் தண்ணீர்ச் சூடு ஏறி ஜெனரேட்டர் தானாக நின்றுபோனது. இருட்டில் நின்றிருந்த அந்தக் குடும்பத்தாரின் முகங்கள் இன்றும் எங்கள் நினைவில் இருக்கின்றன. அன்று முதல், காற்று எங்கே புகுந்து எங்கே வெளியேறும் என்பதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பார்க்காமல் நாங்கள் தகடு வெட்டுவதில்லை.

அடுத்ததாக, சத்தத்தைத் தடுப்பதும் சத்தத்தை உறிஞ்சுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். தடுப்பது கனம், அதாவது இரும்புத் தகடு அல்லது செங்கல் சுவர். தகட்டின் உட்புறம் நாங்கள் பொருத்தும் ராக்வுல் என்ற கல்லிழைப் பஞ்சு, உள்ளேயே மோதி மோதி எதிரொலித்துப் பெருகும் சத்தத்தை உறிஞ்சுகிறது. அது உதிராமல் இருக்க மேலே கண்ணாடி இழைத் துணியும், அதன் மேல் துளையிட்ட தகடும் வருகின்றன. தெர்மாகோல், முட்டை அட்டை, மெத்தை ஸ்பாஞ்ச் ஆகியவற்றில் கனமும் இல்லை. எஞ்சினின் அடித்தொனியை உறிஞ்சும் திறனும் இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 50 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்தத் தொனியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர் என்பதால், ஓர் அங்குல ஸ்பாஞ்சை அது பொருட்படுத்துவதே இல்லை. மேலும் இவை எளிதில் தீப்பற்றுபவை. வாடிக்கையாளரே வாங்கி வைத்திருந்தாலும் எஞ்சினுக்கு அருகே இவற்றை ஒட்டித்தர எங்களால் இயலாது.

எங்கள் பணத்தையும் நேரத்தையும் அதிகம் விழுங்குவது இடுக்குகள்தான். சுவர் எத்தனை கனமாக இருந்தாலும், மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடந்தால், சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் சொன்னால், தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆகவே வேலை முடிந்த அன்று இரவு கூண்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, எங்கள் ஆட்கள் வெளியே சுற்றி வருவார்கள். கதவின் கீழ் ஓரம், கேபிள் நுழையும் துளை, புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடம் என்று மயிரிழை வெளிச்சம் தெரியும் இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மறுநாள் ரப்பர் பட்டையோ தீத்தாங்கும் பூச்சோ வைத்து அடைப்போம். காற்று வழிகளை மட்டும் அடைக்க முடியாது. அங்கே ராக்வுல் நிரப்பிய தடுப்புப் பலகைகளை வரிசையாக நிறுத்தி, காற்று வளைந்து வளைந்து போகுமாறு செய்கிறோம். இதற்கு நீளம் தேவை. இடம் குறுகலாக இருந்தால் விலை கூடுவது இதனால்தான்.

புகைக்குழாயின் சத்தம் தனிக் கணக்கு. கூண்டு எத்தனை நன்றாக அமைந்தாலும், சைலென்சர் பழுதாகியிருந்தால் சத்தம் கூரைக்கு மேலே போய்ப் பக்கத்து மாடியில் இறங்கும். குழாயின் உயரத்துக்கும் விதி உண்டு: ஜெனரேட்டரின் மின்திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வரும் மீட்டர் அளவுக்குக் கட்டடத்துக்கு மேலே குழாய் நீள வேண்டும். 25 கேவிஏ இயந்திரத்துக்கு அது 1 மீட்டர். அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் கெட்டிப்பட்டிருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்வோம், ஏனெனில் தரை வழியே போகும் அதிர்வைக் கூண்டு தடுக்காது.

சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர்கள், கூண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தையவற்றுக்கு அமைக்கும் கூண்டோ அறையோ குறைந்தது 25 டெசிபல் குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 மட்டுமே. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும், 75 டெசிபல் என்பது 8 மீட்டரில் 57 ஆகவே இருக்கும். எனவே இந்த 75 டெசிபல் விதிக்கு உட்பட்டது என்று முத்திரை பெற்ற புதிய இயந்திரத்தையும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலை ஒட்டி வைக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறோம்.

ஒரு வேலையை மட்டும் எத்தனை தொகை கொடுத்தாலும் செய்வதில்லை. வீட்டோடு ஒட்டிய அறையின் சன்னல்களை அடைத்து உள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டும் ஏற்பாடு அது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் விழிக்காமலே போய்விடக் கூடும்.

தாங்கள் எங்களை அழைக்கும் முன், இயந்திரத்தின் பெயர்ப்பலகை, ரேடியேட்டர் பக்கம், புகைக்குழாய் ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பி, அருகிலுள்ள சன்னல் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டால், நாங்கள் அளவெடுக்க வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அளவெடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை.

இங்ஙனம்,
கூண்டுப் பட்டறையினர்,
கோயம்புத்தூர்