தம்பி கார்த்திக்கு, ஃபாரூக் படத்தை வெச்சு நீ எழுதினதுக்குப் பதில்

தம்பி கார்த்தி,

நல்லா இருக்கியா. மார்ச் 16, ஃபாரூக்கைக் கொன்ன நாளுக்கு நீ போட்ட நீளமான போஸ்ட்டை ரெண்டு மூணு பேரு எனக்கு அனுப்பி "உங்க சிஷ்யன் எழுதியிருக்கான் பாருங்க"ன்னாங்க. நான் யாருக்கும் குரு இல்ல, ஆனாலும் முழுசா படிச்சேன். மேல ஃபாரூக் படம், கீழ நீ எழுதினது. பாதி வரைக்கும் தலையாட்டீட்டே தான் வந்தேன். அப்புறம் "இதுக்கு மேலயும் அவங்கள்ல நல்லவங்க இருக்காங்கன்னு பேசறது கோழைத்தனம், பகுத்தறிவுவாதின்னா முதல்ல இதை ஒத்துக்கணும்"னு ஒரு வரி. "அவங்க"ன்னு நீ சொல்றது முஸ்லிம்களை. அங்க நின்னுட்டேன். போன்ல பேசுனா சண்டையில முடியும், அதான் எழுதறேன். நீயும் நாலு பேரு படிக்கற எடத்துல தான் எழுதியிருக்க, அதனால பதிலும் அப்படியே இருக்கட்டும்.

உன் கோவம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. 2017 மார்ச் 16 ராத்திரி போன் வந்துச்சுன்னு வீட்ல இருந்து வண்டிய எடுத்துட்டுக் கெளம்புன ஃபாரூக்கை நம்ம கோயமுத்தூர் உக்கடம் பக்கத்துல வெச்சு வெட்டிப் போட்டாங்க. 31 வயசு, பழைய இரும்பு வியாபாரம், திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்தவரு. அவரு பண்ணின குத்தம் என்னன்னா பேஸ்புக்லயும் வாட்ஸ்அப்லயும் கடவுள் இல்லைன்னு எழுதினது, பெரியார் வாசகத்தை எழுதின அட்டையை தன் கொழந்தை கையில குடுத்து போட்டோ எடுத்துப் போட்டது. அவ்வளவு தான். அதுல கைதானவங்க அவரு பொறந்த முஸ்லிம் சமூகத்து ஆளுங்களே.

இன்னொண்ணும் உனக்குக் கோவம், அதுலயும் நியாயம் இருக்கு. நம்ம பகுத்தறிவு ஆளுங்கள்ல சில பேரு அப்ப வாயே தொறக்கல. "சிறுபான்மை விசயம், நாம எதாவது சொன்னா அந்தப்பக்கம் இருக்கறவன் தூக்கிட்டுப் போயிருவான்"னு ஒதுங்கிக்கிட்டாங்க. புள்ளையார் பத்தி பேசும்போது இருக்கற தைரியம் அங்க எங்க போச்சுன்னு நீ கேக்கற, கேளு, நானும் கேக்கறேன். செத்தவன் எந்த மதத்துல பொறந்தான்னு பார்த்து துக்கத்தோட அளவை முடிவு பண்றவன் என்னத்த மனிதநேயம் பேசறது. ஃபாரூக் நம்ம ஆளு, அவருக்காக தெருவுல நின்னவங்களும் நம்ம தோழர்கள் தான், அதையும் மறந்துராத.

ஆனா நீ அவரு படத்துக்குக் கீழ எழுதின அந்த வரி இருக்கே, அதைப் படிச்சா முதல்ல யாரு அடிபடுவாங்கன்னு யோசிச்சியா? அவங்கப்பா. அதுவரைக்கும் அவரு நாத்திகர் இல்ல. மகன் செத்ததும் அந்தத் துக்கத்துலயே நிருபர்கள் கிட்ட, என் மகன் இருந்த இயக்கத்துல நானும் சேரறேன்னு சொன்னாரு. நீ "அவங்க"ன்னு ஒரே வார்த்தையில வளைச்சுக் கட்டுற ஆளுங்கள்ல அவரும் ஒருத்தரு. கொன்னவனும் அதுல, பெத்தவனும் அதுல, செத்தவனும் அதுல. அப்புறம் அந்த வார்த்தையை வெச்சு நீ எதை வெளக்கப் போற?

டாக்காவுல 2015-ல இதே மாதிரி. பிப்ரவரியில புத்தகக் கண்காட்சிக்குப் போயிட்டு வெளிய வந்த கடவுள் மறுப்பு எழுத்தாளர் அவிஜித் ராயை நடு ரோட்டுல வெட்டிக் கொன்னாங்க, கூட வந்த மனைவி பன்யா அகமதுக்குக் கட்டை விரல் போச்சு. அப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா எழுத்தாளர்கள். அக்டோபர் கடைசியில அவிஜித் புத்தகங்களைப் போட்ட பதிப்பாளர் தீபனை அவரு ஆபீஸுக்குள்ளயே கொன்னாங்க. தீபனோட அப்பா பேராசிரியர், அவரு எனக்கு நீதி வேண்டாம், எல்லாருக்கும் நல்ல புத்தி வந்தாப் போதும்னாரு. நீதி வேண்டாம்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, குற்றவாளி கூண்டுல ஏறணும். ஆனா மகனைப் பறிகொடுத்தவரு அந்த நேரத்துல ஒரு சமூகத்தையே காட்டி "இவனுங்க"ன்னு சொல்லல பாரு. நீயும் நானும் யாரையும் பறிகொடுக்காம கோயமுத்தூர்ல உக்காந்துட்டு சொல்றோம்.

பூனாவுல 2013 ஆகஸ்ட்ல காலைல வாக்கிங் போன மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் தபோல்கரைச் சுட்டுக் கொன்னாங்க, ரெண்டு பேருக்கு 2024-ல ஆயுள் தண்டனை ஆச்சு, அந்த ரெண்டு பேரும் எந்த மதம்னு உனக்கே தெரியும். இதைச் சொன்னா உடனே பேச்சை மாத்தறேன்ம்ப. கணக்கை நேர் பண்ண சொல்லல. எந்தத் தீவிரவாதியும் முதல்ல குறி வெக்கறது தன் வீட்டுக்குள்ள கேள்வி கேக்கறவனைத் தான், அதுக்கு ஃபாரூக்கும் சாட்சி, தபோல்கரும் சாட்சின்னு சொல்றேன்.

இதுக்கு நம்ம பக்கத்துல இருக்கற பெரிய உதாரணம் இலங்கை, நீ உன் போஸ்ட்ல ஈஸ்டர் குண்டுவெடிப்பை ஒரு வரியில தட்டிட்டுப் போயிட்ட, நான் கொஞ்சம் நின்னு சொல்றேன். 2019 ஏப்ரல் 21, மூணு சர்ச், மூணு ஹோட்டல், 250 பேருக்கு மேல செத்தாங்க. மட்டக்களப்பு சீயோன் சர்ச்சுல சண்டே ஸ்கூல் முடிஞ்சு வெளிய நின்ன சின்னப் புள்ளைங்க. முதுகுல பெரிய பையோட வந்தவனை சந்தேகப்பட்டு உள்ள விடாம தடுத்து நிறுத்தின ஒருத்தரு, அவரும் போயிட்டாரு. கடவுள் நம்பிக்கை உள்ளவங்க அந்தப் புள்ளைங்க சொர்க்கத்துல இருக்குன்னு தேத்திக்குவாங்க, தேத்திக்கட்டும், நான் அதைப் புடுங்க மாட்டேன். எனக்கு அந்த வழி இல்ல. அந்தப் புள்ளைக்கு இருந்தது ஒரே வாழ்க்கை, அது முடிஞ்சுது, வேற எங்கயும் யாரும் ஈடு கட்ட மாட்டாங்க. நாத்திகனுக்கு உசிரு மேல அக்கறை கூடுதலா இருக்கணும்னு நான் சொல்றது இதனால தான், வெறுப்பு கூடுதலா இருக்கணும்ங்கறதுக்கு இதுல எங்கயும் வழி இல்ல.

சரி, அந்தக் குண்டுவெடிப்புக் கும்பலோட தலைவன் சஹ்ரான் எங்கிருந்து ஆரம்பிச்சான்? மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடியில. யாரை அடிச்சு ஆரம்பிச்சான்? கிறிஸ்தவங்களை இல்ல, அதே ஊர் சூஃபி முஸ்லிம்களை. 2017 மார்ச்ல அங்க மோதல், அதுக்கப்புறம் தான் அவன் தலைமறைவு. அவனைப் பத்தி முஸ்லிம்களே புகார் குடுத்திருந்தாங்க. குண்டு வெடிக்கறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இந்திய உளவுத்துறையும் தகவல் குடுத்துச்சு. யாரும் காதுல போட்டுக்கல. பின்னால உச்ச நீதிமன்றம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனாவையே 10 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கட்டச் சொல்லுச்சு.

இதுல ஒண்ணு நம்ம பக்கம் யாரும் அவ்வளவா பேசறதில்ல. 2018 நவம்பர் 30, மட்டக்களப்பு வவுணதீவு செக்பாயிண்ட்ல ரெண்டு போலீஸ்காரங்களைக் கொன்னுட்டாங்க. உடனே யாரைப் புடிச்சாங்க? முன்னாள் விடுதலைப் புலி ஒருத்தரை. தமிழங்க ஊரு, மாவீரர் நாள் வர்ற மாதம், போலீஸ் கொலை, அப்ப புலி தான்னு முடிவு. விசயம் முடிஞ்சுதுன்னு ஃபைலை ஓரமா வெச்சாங்க. ஈஸ்டர்ல இத்தனை உசிரு போன பின்னாடி தான் அந்தக் கொலையும் சஹ்ரான் கோஷ்டி வேலைன்னு வெளிய வந்துச்சு, அந்த மனுசனை மே மாசம் விட்டாங்க. நீ சொல்ற அதே ஃபார்முலா தான் தம்பி, ஆளைப் பார்க்காம கூட்டத்தைப் பார்க்கறது. அங்க அந்தக் கூட்டம் தமிழங்க. ஒரு அப்பாவி அஞ்சாறு மாசம் ஜெயில்ல கெடந்தது ஒரு பக்கம், கொலைகாரன் அந்த அஞ்சாறு மாசமும் நிம்மதியா குண்டு செஞ்சுட்டு இருந்தது இன்னொரு பக்கம். சந்தேகத்தை எல்லார் மேலயும் பரப்பினா பாதுகாப்பு கூடும்ங்கறியே, அங்க நடந்தது இது.

குண்டுவெடிப்புக்கு அப்புறமும் அதே புத்தி தான். மே மாசம் சிலாபம், குளியாப்பிட்டி, மினுவாங்கொடைன்னு முஸ்லிம் கடை, வீடு, பள்ளிவாசலுக்கு எல்லாம் தீ. அடுத்த வருசம் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாஃப் ஜஸீம்னு ஒரு இளம் கவிஞரை பயங்கரவாதத் தடைச் சட்டத்துல தூக்குனாங்க, கவிதை தீவிரவாதத்தை வளர்க்குதாம். தமிழ்ல எழுதின கவிதை, நீயே படிச்சுப் பார்க்கலாம், அதுல ஐஎஸ் கும்பலைத் திட்டி எழுதியிருக்காரு! ஒண்ணரை வருசத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 2021 டிசம்பர்ல ஜாமீன்ல வந்தாரு, வழக்குல இருந்து விடுதலை ஆனது 2023 டிசம்பர்ல தான். தீவிரவாதத்தை எதிர்த்து உள்ளிருந்து பேசறவனை தீவிரவாதியும் அடிக்கறான், அரசாங்கமும் அடிக்குது, நீயும் "இருந்தாலும் நீ அவங்காளு தான"ங்கற. அப்புறம் "ஏன் அவங்கள்ல யாரும் பேச மாட்டேங்கறாங்க"ன்னு ஒரு போஸ்ட் வேற.

நம்மூர் கதைக்கே வர்றேன். 1998 பிப்ரவரி 14 நீ கைக்கொழந்தை. அன்னிக்கு ஊர் முழுக்க வெச்ச குண்டுல 58 பேரு செத்தாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியைக் கூட விடல அந்தப் பாவிங்க. அதுக்கு எந்த நியாயமும் கெடையாது, முந்தின நவம்பர்ல நடந்ததைக் காட்டி நியாயம் பேசறவனை நான் பக்கத்துல சேக்கறதில்ல. ஆனா நவம்பர்ல எதுவுமே நடக்கலைங்கற மாதிரி பேசறவனையும் சேக்கறதில்ல. 1997 நவம்பர் 29 போக்குவரத்துக் காவலர் செல்வராஜை உக்கடத்துல குத்திக் கொன்னாங்க. அவரு யாருக்கு என்ன பாவம் பண்ணினாரு? மறுநாள் போலீஸ்காரங்களே ரோட்டுக்கு வந்தாங்க, கும்பல் கடைகளைக் கொளுத்துச்சு, 18 முஸ்லிம்கள் செத்தாங்க. செல்வராஜைக் கொன்னவன் அந்த 18 பேர்ல இல்ல. ஃபெப்ரவரியில செத்த 58 பேருக்கும் நவம்பருக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டு தடவையும் ஆளை விட்டுட்டு அடையாளத்தை அடிச்சாங்க. அந்தக் குண்டுவெடிப்பு வழக்குல கேரள அரசியல்வாதி மதானி ஒம்பது வருசத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 2007-ல விடுதலை ஆனாரு, அவரோட அரசியல் எனக்குத் துளியும் ஆகாது, ஆனா நிரூபிக்க முடியாத குத்தத்துக்கு ஒம்பது வருசம்ங்கறது எவனுக்கும் நடக்கக் கூடாது, அவருக்கும் தான்.

2022 உனக்கே ஞாபகம் இருக்கும். அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியக்காலை, கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னாடி வெடிச்ச மாருதி கார், கேஸ் சிலிண்டர், சுத்தியும் செதறிக் கெடந்த ஆணியும் கோலிக்குண்டும். கார்ல வந்து அதுலயே செத்தவன் ஜமேஷா முபின், இன்ஜினியரிங் படிச்சவன். 2019-லயே தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) கூப்பிட்டு விசாரிச்சு அனுப்பின ஆளு. ஒப்பணக்கார வீதியில அன்னிக்கு சாயங்காலம் துணி எடுக்க எத்தனை ஆயிரம் பேரு வந்திருப்பாங்க, நெனச்சா இன்னிக்கும் வயித்தக் கலக்குது. அப்புறம் சில நாள்ல கோட்டைமேட்டுப் பக்கம் ஜமாத்துக்காரங்க அந்தக் கோயிலுக்கே போயி அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசிட்டு வந்தாங்க. ரெண்டு பக்கமும் சாமி கும்பிடறவங்க, ரெண்டு சாமியும் இல்லைன்னு சொல்றவன் நான், ஆனா ஊரைக் காப்பாத்துன வேலையில அன்னிக்கு அவங்க நம்மள விட முன்னால நின்னாங்க. அதைச் சொல்லக் கூச்சம் என்னத்துக்கு.

மார்க்கத்தை விமர்சனம் பண்ணாதன்னு நான் சொல்லவே இல்ல. பண்ணு. குர்ஆனையும் பண்ணு, கீதையையும் பண்ணு, பைபிளையும் பண்ணு, மதத்தை விட்டு வெளிய போறவனுக்கு எந்த மதத்துலயும் தண்டனை இருக்கக் கூடாதுன்னு சத்தமா எழுது. கருத்துக்கு மரியாதை குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆளுக்குக் குடுக்கணும். வீடு வாடகைக்குக் கேட்டு வர்றவன் பேரைக் கேட்டுட்டு "காலி இல்லீங்க"ங்கறது விமர்சனம் இல்ல, உன் போஸ்ட்டுக்குக் கீழ ஒருத்தன் அதைப் பெருமையா எழுதியிருந்தான், நீ அதுக்கு ஹார்ட் போட்டிருந்த.

கடைசியா, உன் போஸ்ட் வந்த அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு பையன் மெசேஜ் பண்ணினான், பொய்ப் பேர்ல தான் நம்ம குரூப்ல இருக்கான், வீட்ல தொழுகைக்குப் போற மாதிரி கெளம்பி டீக்கடையில உக்காந்துட்டு வர்ற ஆளு. "அண்ணா, இனி நான் குரூப்ல இருந்தா சரிப்படுமா"ன்னு கேட்டான். இருப்பா, நான் பேசிக்கறேன்னு சொல்லியிருக்கேன். அவன் யாருன்னு கண்டுபுடிக்கப் பார்க்காத, குரூப்ல கேட்டும் வெக்காத. பழைய ஸ்கிரீன்ஷாட் எதுலயாவது குரூப்காரங்க நம்பர் தெரியுதான்னு பார்த்து எல்லாத்தையும் இன்னிக்கே அழிச்சிரு, ஃபாரூக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துனவரு தான். மத்ததைப் பேசணும்னா ஞாயித்துக்கெழமை கூப்பிடு, மத்த நாள் எனக்கு ஷிஃப்ட்.

அண்ணன்