கழற்றி வைக்கப்படும் காப்புத் தகடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைப் புறநகர் வெல்டிங் பட்டறைகளில், இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் ஆங்கிள் கிரைண்டர் என்ற கைக்கருவியை, அதன் சுழலும் வட்டை மறைக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு இயக்குவதையும், அதிலேயே பல் வைத்த மர அறுவை வட்டைப் பூட்டுவதையும் கவலையோடு பார்த்துவருகிறேன். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்வது. அந்த வேகத்தில் பல் மரத்தில் சிக்கினால், கருவி பிடியை மீறித் துள்ளி, பிடித்திருப்பவரின் கழுத்தையோ தொடையையோ அறுத்துவிடும். வட்டில் அச்சிட்டுள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கீழே விழுந்த வட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்பதால் அதை மீண்டும் பூட்டக் கூடாது. என் தம்பி மகன் கண்ணில் இரும்புத் துகள் தைத்த நாளில் அவன் சாதாரண மூக்குக்கண்ணாடிதான் அணிந்திருந்தான். பக்கவாட்டையும் மறைக்கும் கண்கவசம் பட்டறையிலேயே இல்லை. கருவியை விற்கும் கடைக்காரர்கள் கண்கவசத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.